காது அளந்த நரி

முள்காட்டுக் குளத்தின் கரையில் ஒரு செம்மறி மந்தை இருந்தது. மேய்க்க ஆள் இல்லாத மந்தை அது. அந்த ஆடுகளுக்குத் தங்கள் காதுகளைப் பற்றி அப்படியொரு பெருமை! ஊரிலுள்ள மற்ற ஆடுகளுக்கெல்லாம் காது தொங்கும். இவற்றுக்கோ சின்னதாக, சுருட்டி வைத்ததுபோல் இருக்கும். 'சிறுகாது வம்சம்' என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொண்டன.

அதே கரையில் ஒரு கிழ நரியும் இருந்தது. ஒரு காலத்தில் முயலையே விரட்டிப் பிடித்த நரி. இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. நாலடி ஓடினால் மூச்சு வாங்கியது. பசி மட்டும் தேயவில்லை. என்ன செய்யும்? ஒருநாள் மந்தைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, வம்சப் பெருமை பேச ஆரம்பித்தது.

"உங்க பூட்டன் காலத்துக் கிடாவை நான் நேர்ல பார்த்திருக்கேன். என்ன காது! ஒரு பூவரச இலைக்குள்ள அடங்கிடும்!"

பார்த்தது உண்மைதான். தின்றதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆடுகள் உருகிப்போயின. புகழ்ந்து பேசுகிறவனின் பல்லை யார் பார்க்கிறார்கள்?

"நரி மாமா, எங்க வம்சம் கெடாம இருக்க என்ன செய்யணும்?" என்று கேட்டது செவலை. மந்தைக்குத் தலைமை தாங்கிய பெண் ஆடு அது.

"வெளிக் கிடாவைக் கிட்ட சேர்க்காதீங்க. பொலிகிடாவை உங்களுக்குள்ளயே தேர்ந்தெடுங்க. எதுக்குக் காது ரொம்பச் சின்னதோ, அதுதான் கிடா!"

மந்தையில் பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் தகப்பனாகப் போகிற கிடாதான் பொலிகிடா. அதைப் போய் ஒரு நரியிடம் கேட்டுத் தேர்ந்தெடுத்தன இந்த ஆடுகள்!

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மழைக்காலம் வருவதற்கு முன்பு கிடாக்கள் வரிசையாக நிற்கும். நரி ஓர் இலையைக் கவ்விக்கொண்டு வந்து காதோடு வைத்துப் பார்க்கும். பல்லை யாரும் பார்க்கவில்லை. குளம்பைப் பார்க்கவில்லை. நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. இருமுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா என்று கேட்கக்கூட ஆளில்லை. முதலில் பூவரச இலையால் அளந்தது. பிறகு வேப்பிலை. கடைசியில் புளிய இலையே பெரிதாகத் தெரிந்தது. அண்ணன் மகன், தம்பி பேரன் என்று ஒரே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வந்தது. பிறந்த குட்டிகளுக்கு முன்னங்கால் வளைந்திருந்தது. கூப்பிட்டால் அவை திரும்பவில்லை.

"நம்ம குட்டிங்க எவ்வளவு அமைதி பாரு!" என்று மெச்சிக்கொண்டது செவலை.

அமைதியாம்! பாவம், அவற்றுக்குக் காது கேட்கவில்லை.

மந்தையில் மயிலி என்றொரு ஆடு இருந்தது. ஆண்டுதோறும் குட்டி போட்டது. ஆண்டுதோறும் பறிகொடுத்தது. சுமந்து சுமந்து இடுப்பு இறங்கிவிட்டது. அழுது அழுது அழுகையும் அலுத்துவிட்டது.

ஒருநாள் காலை மயிலி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குட்டி சற்றுத் தள்ளிப் புல் கடித்துக்கொண்டிருந்தது. புதருக்குப் பின்னாலிருந்து நரி வந்தது.

"ஓடு! ஓடிடு!" என்று மயிலி கத்தியது.

குட்டி திரும்பவே இல்லை. நரி நடந்துதான் வந்தது. கொஞ்சமும் அவசரப்படவில்லை. மயிலி ஓடி வருவதற்குள் குட்டியைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

மயிலி செவலையிடம் போய்ச் சொன்னது.

"உளறாதே! அவரால ஓடவே முடியாதே!" என்றது செவலை.

"ஓட வேண்டிய அவசியம் என்ன இருக்கு? நம்ம குட்டிக்குக் காதும் கேக்கல, காலும் நிக்கல. அது நடந்து வந்து எடுத்துட்டுப் போகுது!"

"நம்ம வம்சத்துக்காகப் பாடுபடுற பெரியவர் மேல பழி போடுறியா? ஓநாயா இருக்கும், போ!"

மயிலி வாதாடவில்லை. வாதாடவும் உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா?

அந்தக் கோடையில் வேறொரு மந்தை தண்ணீர் தேடிக் குளத்தின் எதிர்க்கரைக்கு வந்தது. கறுத்த ஆடுகள். காதுகள் தொங்கின. சிறுகாது ஆடுகள் இக்கரையில் நின்று சிரித்தன. மயிலி மட்டும் கரையைச் சுற்றிக்கொண்டு நடந்து போனது. அங்கே கருப்பட்டி என்ற கிடாவின் முன்னால் நின்றது.

"வாயைத் திற," என்றது.

"எதுக்கு?"

"திறன்னா திற!"

பல் வரிசை ஒழுங்காக இருந்தது. குளம்பில் வெடிப்பில்லை. "அந்த மேட்டுல ஏறி இறங்கு," என்றது மயிலி. கிடா ஏறி இறங்கியது. மூச்சு வாங்கவில்லை, இருமவில்லை. பிறகு மயிலி அதன் பின்னால் போய், ஒரு காய்ந்த குச்சியை மெல்ல மிதித்தது. தொங்கிய காதுகள் இரண்டும் சட்டென்று திரும்பின.

மயிலிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் என் காதைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. நீ ஒண்ணும் சொல்லலையே?" என்றது கருப்பட்டி.

"கேக்குதுல்ல? எனக்கு அது போதும்."

பனிக்காலத்தில் மயிலிக்கு ஒரு குட்டி பிறந்தது. விழுந்த சூடு ஆறுவதற்குள் எழுந்து நின்றது. நேரான கால்கள். முகத்தின் இரு பக்கமும் நீளக் காதுகள்.

"சீச்சீ! முறம் மாதிரி இருக்கு!" என்றன ஆடுகள்.

நரி வந்து பார்த்தது. முகம் சுருங்கிவிட்டது.

"இது உங்க ரத்தமில்ல. மந்தையோட சேர்க்காதீங்க. அந்த முள்புதர் ஓரமா தனியா கிடக்கட்டும்!"

"மாமா சொன்னா சரிதான்," என்றது செவலை. குட்டியை முட்டி முட்டிப் புதர்ப் பக்கம் தள்ளிவிட்டது. குறுக்கே வந்த மயிலியை மற்ற ஆடுகள் மறித்துக்கொண்டன.

வெயில் ஏறியதும் நரி நடந்து வந்தது, வழக்கம்போல, அவசரமில்லாமல்.

"ஓடு!" என்று மயிலி கத்தியது. இந்த முறையும் பறிபோய்விடுமோ என்று பயந்தது.

குரல் முழுதாக வெளிவரும் முன்பே குட்டியின் காதுகள் திரும்பிவிட்டன. பாய்ந்தது பார், ஒரே பாய்ச்சல்! நரிக்கு வேறு வழியில்லை. மந்தை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, வாயைப் பிளந்துகொண்டு குட்டியை விரட்டியது. கரை மேட்டில் பாதி தூரம் ஏறியதும் முட்டி மடங்கிக் குப்புற விழுந்தது.

"வம்சம் போச்சே! உங்க வம்சம் போச்சே!" என்று மூச்சு வாங்கியபடி புலம்பியது.

அந்தப் பிளந்த வாயை ஆடுகள் இப்போதுதான் பார்த்தன. ஒவ்வோர் ஆட்டுக்கும் பறிகொடுத்த குட்டிகளின் நினைவு வந்தது. கிடாக்கள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வருவதைக் கண்ட நரி, நொண்டி நொண்டிக் காட்டை விட்டே போய்விட்டது.

மயிலி வெற்றி கொண்டாடவில்லை. குட்டி திரும்பி வந்து பால் குடித்தது. மயிலி அப்படியே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அடுத்த பருவத்தில் கறுத்த ஆடுகள் மறுபடி எதிர்க்கரைக்கு வந்தன. செவலை மெல்ல மயிலியின் அருகே வந்தது. "எதிர்க்கரையில புல்லு நல்லாயிருக்காமே?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டது.

"போய் மேஞ்சுட்டு வா," என்றது மயிலி. "முதல்ல கிடாவை வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பாரு."

உடல்நலத்தைப் பார்க்காமல் வம்சப் பெருமையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர், தம் பிள்ளைகளைப் பகைவனுக்காகவே பெற்று வளர்க்கிறார்.