மேனேஜர் எண்ணிய சுற்று

அந்த மலை எஸ்டேட்டில் மேனேஜர் சற்குணம் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அன்றைக்கு டிரைவர் மாயழகு பேசிவிட்டான்.

பழைய ஜீப்பின் பின் ஆக்சில் உடைந்ததும் மேனேஜர் டவுனுக்குக் கொண்டுபோய் வேறொன்று போட்டு வந்திருந்தார். மழையில் வழுக்குகிற சரிவு. பின்னால் பன்னிரண்டு பேர் ஏறிவிட்டார்கள்.

“இது வேற ரக ஆக்சில். நாலு வீலையும் இழுக்கவிட்டா முன்னதும் பின்னதும் மல்லுக்கு நின்னு வண்டி பள்ளத்துக்குப் போயிடும். நான் எடுக்க மாட்டேன்” என்றான்.

வண்டியருகே நின்றிருந்த முதலாளியம்மா மேனேஜரைப் பார்த்தார்.

“அதே ரகம்தாம்மா, நான் கூடவே நின்னு போட்டது. டேய், ஜாக்கி வைக்காம, ஒரு போல்ட்டைக்கூடக் கழட்டாம நிரூபி. இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு நடையைக் கட்டு.”

மாயழகு ஆட்களை இறக்கினான். வீல்களிலும், ஆக்சிலைச் சுற்றவைக்கும் இரண்டு ஷாஃப்டுகளிலும் சாக்பீஸால் கோடு போட்டான்.

“எனக்கு எண்ண வராது சார். வீல் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ஷாஃப்ட் எத்தனை சுத்துதுன்னு நீங்களே சத்தமா எண்ணுங்க.”

இதில் என்ன தெரியப்போகிறது என்று சிரித்தபடியே மேனேஜர் குனிந்தார். ஆட்கள் ஜீப்பை மெல்லத் தள்ளினார்கள். முன் ஷாஃப்டுக்கு ஐந்து வரை எண்ணினார். பின் ஷாஃப்டு நாலோடு நின்றது. சிரிப்பும் நின்றது.

“ஒரே ரகம்னா ரெண்டும் ஒரே மாதிரி சுத்தணுமேம்மா” என்றான் மாயழகு.

முதலாளியம்மா மேனேஜர் பக்கம் திரும்பவே இல்லை. “தினமும் தேயிலை மூட்டையை எண்ணி ஏத்துறவன் நீ. உனக்கா எண்ண வராது?”

“வரும்மா. நான் எண்ணியிருந்தா பொய்னு சொல்லியிருப்பாரு.”