ஆறு பேர் வந்த படம்

"ரீச்சர், ஆறு பேருக்குப் படம் காட்டுறதோ?" என்று குகதாசன் கேட்டார்.

குகதாசனுக்கு வயது அறுபத்தொன்று. ரீச்சர் பத்மலோஜினிக்கு நாற்பத்து மூன்றுதான். டொரொண்டோவில் தயாரிப்பாளர் என்று ஒருவரும் இல்லாமல் நான்கு படம் எடுத்தவர். அவரிடம்தான் குகதாசன் படமெடுக்கப் பழகினார்.

யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முப்பது வருடம். கிழமை நாளில் பாண் சுடுகிற தொழிற்சாலை, சனி ஞாயிறில் படப்பிடிப்பு. இப்படியே ஆறு வருடம் இழுத்தது. முதல் காட்சியில் கதாநாயகனுக்கு இருந்த தலைமயிர் கடைசிக் காட்சியில் இல்லை.

இன்று படம் திரைக்கு வருகிறது. மண்டபத்தில் இருநூறு கதிரை.

"நோட்டீசிலை எத்தினை மணி எண்டு போட்டனீங்கள்?"

"ஐஞ்சு."

"ஐஞ்சாச்சு. போடுங்கோ."

"அப்ப இதுதான் என்ரை கடைசிப் படம் ரீச்சர். நான் வீட்டை போறன்."

பத்மலோஜினி கையை நீட்டினார். "கோட்டைத் தாங்கோ."

கொடுத்தார். ரீச்சர் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் இருந்துவிட்டார்.

வெளியே மைனஸ் இருபது. மனுசன் எங்கே போவார்? வாசலில் சுவரைப் பார்த்தபடி நின்றார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

ஆறு பேருக்கும் படம் ஓடி முடிய ஆறேகால்.

அப்போதுதான் சனம் வந்தது. குடும்பம் குடும்பமாக, ரோல்ஸ் பெட்டிகளோடு. எங்கள் ஆட்களுக்கு ஐந்து மணி என்றால் ஆறரை என்று உலகத்துக்கே தெரியும். படத்தோடு ஆறு வருடம் மாரடித்தவருக்கு மட்டும் அது மறந்துபோயிற்று.

"தொடங்கீற்றியளோ?" என்று கேட்டார்கள்.

"இப்பதான் தொடங்கப்போறம்," என்றார் பத்மலோஜினி.

குகதாசனை இழுத்துக்கொண்டுபோய்த் தன் பக்கத்தில் இருத்தினார்.

விளக்கு அணைந்தது. திரையில் பனி மூடிய ஒரு கார். கதாநாயகன் சவலோடு வந்து பனியை அள்ளத் தொடங்கினான்.

முன்வரிசையில் அந்த ஆறு பேரும் சிரித்தார்கள்.

சிரிக்க இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. மண்டபம் முழுவதும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"என்ன பகிடி?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"பொறுங்கோ அக்கா," என்றான் ஆறு பேரில் ஒருவன். அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உவர் மத்தியானம் வரைக்கும் அள்ளுவார். ஆனா கார் அவரின்ரை இல்லை."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. பிறகு அது திரையில் நடந்தபோதும் சிரித்தது.

குகதாசன் முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பேரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒருவர்கூடப் போகவில்லை.

ரீச்சரின் காதோரம் குனிந்தார்.

"ரீச்சர், அடுத்ததுக்கு ஒரு கதை வைச்சிருக்கிறன். ஒரு பஸ் ரைவர்..."

"பேந்து சொல்லுங்கோ அண்ணை," என்றார் பத்மலோஜினி. "படம் ஓடுது."