பேச்சித்தாய்க்கு ஒரு பைத்தான்

கோமதிநாயகம் கணினி மொழி படிக்க வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. குருவாக வாய்த்த பர்வீனுக்கு அவர் மகளின் வயதுகூட இருக்காது. தென்காசிப் பக்கம் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. அங்கே ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவின் கணினி அவள் பொறுப்பில் இருந்தது. அவளுக்கு உதவியாளராகச் சேர்ந்திருந்தார் அவர். அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

அந்தக் கணினியில் பைத்தான் என்னும் நிரல் மொழியின் பழைய பதிப்பும் இருந்தது, புதியதும் இருந்தது. கோமதிநாயகத்துக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஒரே மொழிக்கு எதுக்கு டீச்சர் ரெண்டு? புதுசு ஒண்ணு போதாதா?"

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள் பர்வீன். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஒருநாள் காலை அவள் வரத் தாமதமானது. அவர் பழையதை அழித்தார். பொது வார்டு இயந்திரங்கள் அனுப்பும் அளவுகள் திரையில் வழக்கம்போல ஓடின. வீட்டைப் பெருக்கி முடித்தவரைப் போல நிறைவாக உட்கார்ந்திருந்தார்.

ஜெயராணி சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"தனி ரூம் மிஷின் ரீடிங் வரலை சார். பேச்சித்தாய் அம்மா உடம்புல இருந்து போன தடவை எவ்வளவு தண்ணி எடுத்தோம்னு தெரியாம நான் எப்படி டயாலிசிஸ் ஆரம்பிப்பேன்?"

பேச்சித்தாய்க்கு மஞ்சள்காமாலைக் கிருமி இருந்ததால் தனி அறை, தனி இயந்திரம். பழைய இயந்திரம் அது. அதன் பதிவுகளைப் படிக்கும் நிரலை எப்போதோ யாரோ எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பழைய பைத்தானில்தான் அது ஓடும்.

கோமதிநாயகம் புதியதில் ஓட்டிப் பார்த்தார். முதல் வரியிலேயே நின்றது. திருத்தினார். அடுத்த வரியில் நின்றது. தனி அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சித்தாய் வீங்கிய கால்களைத் தொங்கப்போட்டபடி வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பர்வீன் வந்தாள். திட்டவில்லை. தோள்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, பழைய பதிப்பைத் தனி இடத்தில் நிறுவினாள். எந்த நிரல் எந்தப் பதிப்பில் ஓட வேண்டும் என்று அந்தந்த நிரலிலேயே குறித்து வைத்தாள். புதியதைத் தொடவே இல்லை. அளவுகள் வந்தன. சிஸ்டர் ஓடினாள்.

தனி அறையில் இயந்திரம் சுழலத் தொடங்கிய பிறகு கோமதிநாயகம் பர்வீன் பக்கம் திரும்பினார்.

"தப்புதான் டீச்சர்."

"ம்."

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்காதா?"

"ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு போய் உக்காந்தாதான் மோதும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனம் ஆறவில்லை.

"அதுக்காக, இந்தப் பழசை இன்னும் எத்தனை நாளைக்குத்தான் கட்டிக்கிட்டு அழறது?"

பர்வீன் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். உள்ளே பேச்சித்தாய் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"உள்ள போய் அந்த அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க அண்ணாச்சி."

கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை.