மடையான் காட்டிய வழி

ஓர் ஏரிக்குப் புதிதாக ஒரு கொக்கு வந்தது. மண் நிறம், குட்டை உடம்பு. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மடைவாயில் அசையாமல் நின்றது.

"மடையான் வந்திருக்கு! மடையான் வந்திருக்கு!" என்று வாத்துகள் கத்தின.

கொக்குக்கு முகம் சுருங்கிப்போனது. "வந்ததும் வராததுமாக ஏன் திட்டுகிறீர்கள்?"

கோரைக்குள்ளிருந்து ஒரு நாமக்கோழி நீந்தி வந்தது. கன்னங்கரேலென்ற உடம்பு, நெற்றி மட்டும் வெள்ளை.

"திட்டு இல்லையப்பா! மடையில் நின்று மீன் பிடிப்பதால் எங்கள் பக்கத்தில் உங்களுக்கு மடையான் என்று பேர். உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?"

"குருட்டுக் கொக்கு! ஆள் கிட்டே வரும்வரை அசையமாட்டோம். அதனால் கண் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். அங்கே குருடன், இங்கே மடையன்!"

நாமக்கோழி விழுந்து விழுந்து சிரித்தது. "என் பாட்டைக் கேள்! நெற்றியைப் பார்த்து வைத்த பேர் இது. நான் யாருக்கும் நாமம் போட்டதில்லை. ஆனாலும் என்னோடு இரையைப் பங்கு போட எல்லாருக்கும் பயம்!"

கொக்கும் சிரித்துவிட்டது. இரண்டும் சிநேகமாகிவிட்டன. நாமக்கோழி தன் குஞ்சுகள் இருக்கும் இடத்தையும் கொக்கின் காதில் சொன்னது.

புதரில் படுத்திருந்த நரியின் காதில் பாதிப் பேச்சு விழுந்தது. 'குருடன், அதோடு மடையன்! இவனிடம் கேட்டால் நாமக்கோழியின் குஞ்சுகள் இருக்கும் இடத்தை உளறிவிடுவான்!'

மறுநாள் காலை நாமக்கோழி இரை தேடப் போனது. நரி கரைக்கு வந்தது. கொக்கு ஏரி நடுவே, கரைவரை தண்ணீரை மூடி மிதந்த ஆகாயத்தாமரை மேல் நின்றிருந்தது.

"தம்பி மடையான்! குஞ்சுகளுக்குக் காவலிருக்க வந்தேன். கூடு எங்கே?"

அப்போது நரிக்குப் பக்கத்துக் கோரையில் ஒரு குஞ்சு 'கீச்' என்றது! நரி காதை நிமிர்த்தியது.

கொக்குக்கும் அது கேட்டது. உடனே உரக்கக் கத்தியது. "கேட்டதா அண்ணே? என் காலடியில்தான் கத்துகின்றன! எனக்குத்தான் கண் தெரியவில்லை. நீங்களே வந்து பாருங்கள்!"

"அங்கே தண்ணீர் இல்லையா?"

"தண்ணீரா? என் கால்கூட நனையவில்லையே! எல்லாம் புல்தரை!"

நரி பார்த்தது. பச்சைப் பசேலென்று தரை போலத்தான் இருந்தது. ஒரே தாவு!

தொபுக்கடீர்!

கொக்கு, மண் நிற முதுகுக்கு அடியில் மறைந்திருந்த வெள்ளைச் சிறகை விரித்து ஜிவ்வென்று மேலே பறந்தது. நரி தண்ணீர் குடித்து, சேற்றில் புரண்டு, தலையில் இலையும் வேருமாகக் கரையேறியது. தும்மிக்கொண்டே ஓடியது, ஓடியது, திரும்பிப் பார்க்காமல் ஓடியது! வாத்துகள் சிரித்த சிரிப்பில் ஏரியே அலையடித்தது.

நாமக்கோழி திரும்பி வந்து நடந்ததைக் கேட்டது. குஞ்சுகளை அணைத்துக்கொண்டது. "இவ்வளவு புத்தியா உனக்கு! இனி உன்னை 'அறிவான்' என்றே கூப்பிடப் போகிறோம்!"

"ஐயோ, வேண்டவே வேண்டாம்!" என்றது கொக்கு. "அந்தப் பேர் வைத்தால் எந்த நரி என்னிடம் ஏமாறும்?"

ஒருவருடைய பேரை மட்டும் கேட்டு அவரை எடைபோடுகிறவர் ஏமாந்துதான் போவார்.