எல்லோரும் வந்த பிறகு

மலையடிவாரத்து ஆசிரமத்துக்குப் புதிதாக வந்த அந்தப் பெண்ணை வைகுந்தனுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பெயர் கனகவல்லி என்றாள். ஊரைக் கேட்டால் மழுப்பினாள். யாராவது கைபேசியை எடுத்தால் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

எங்கேயோ பார்த்த முகம்.

மதியப் பந்தியில் அவள் குழம்பு ஊற்றக் குனிந்தபோது ஞாபகம் வந்துவிட்டது. மாமியாரைக் கையைப் பிடித்துப் பேருந்திலிருந்து தரதரவென்று இழுத்து இறக்கியவள். ஊரெல்லாம் பார்த்த வீடியோ. வைகுந்தனும் பகிர்ந்திருந்தார். "இவளை வீட்டுக்குள் விடுகிறவனையும் செருப்பால் அடிக்க வேண்டும்" என்று மேலே எழுதியிருந்தார். அவர் எழுதியதை அத்தனை பேர் பாராட்டியது அதுவே முதல் முறை. தியானத்துக்கு நடுவில்கூடக் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

இலையை மூடிவிட்டு நேரே நித்திலா அம்மையிடம் போனார். வயதில் இளையவர் என்றாலும் அவர்தான் இவருக்குக் குரு.

"அம்மா, அந்தப் பெண்ணை நம்பாதீர்கள்."

தன் பதிவிலிருந்தே வீடியோவைக் காட்டினார். அம்மை கடைசிவரை பார்த்தார்.

"இதற்கு முன்னால் என்ன நடந்தது?"

"தெரியாது. வீடியோ இங்கிருந்துதான் தொடங்குகிறது."

"பிறகு?"

"அதுவும் தெரியாது. ஆனால் இவள் இங்கே இருக்கக் கூடாது."

"சரி. நீங்களே போய்ச் சொல்லி அனுப்பிவிடுங்கள்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே வைகுந்தனை உறுத்தியது. அம்மைக்கு முன்பே தெரியுமோ? இரண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறார்களோ?

கனகவல்லி சமையலறைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். அவர் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் வந்துச்சா ஐயா?"

"எது?"

அவள் மடியிலிருந்த கீரையை முறத்தில் தள்ளினாள்.

"இப்பவே கிளம்பணுமா?"

வைகுந்தன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் எழுந்துபோய்ச் செம்பில் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு அம்மையிடமே திரும்பிப் போனார்.

"சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார் அம்மை.

"இல்லை. சாயங்காலப் பிரார்த்தனைக்கு எல்லோரும் வருவார்கள். அப்போது சொல்கிறேன்."

"இப்போது ஏன் முடியவில்லை?"

"எதிரில் இருந்துகொண்டு முகத்தைப் பார்க்கிறாள். சொல்ல வாய் வரவில்லை."

"அன்றைக்கு அவ்வளவு எழுத வந்ததே?"

"அது அவளிடம் பேசியதில்லையே, அம்மா."

"சாயங்காலம் மட்டும் அவளிடமா பேசப்போகிறீர்கள்?" என்றார் அம்மை.