மூக்கில் உட்கார ஓர் ஆள்

வண்டிக்கு வலு போதவில்லை என்பதுதான் திருமூர்த்தியின் ஓயாத குறை. அப்பா காலத்து டிராக்டர் அது. ஏர் ஓட்டி ஓய்ந்துபோய், இப்போது வருசத்துக்கு ஒரு நாள் மட்டும் வேலை செய்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஆற்றோரப் பொட்டலில் இழுவைப் போட்டி நடக்கும். அதற்குத்தான்.

பழைய டிராக்டர்கள் இரண்டைப் பின்னுக்குப் பின்னாக நிறுத்திச் சங்கிலியால் கட்டிவிடுவார்கள். தனக்கு முன்னால் இருக்கிற சுண்ணாம்புக் கோட்டை எது முதலில் தாண்டுகிறதோ அதற்குக் கோப்பை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வலுவாக இழுக்கும்போது வண்டியின் மூக்கு மேலே எழும்பும். கவனிக்காவிட்டால் வண்டி மல்லாந்துவிடும். அதனால் மூக்கில் பாரம் வேண்டும். கல்லோ இரும்போ கட்டக் கூடாது, ஆள்தான் உட்கார வேண்டும் என்பது அந்தப் பொட்டலின் வழக்கம். கல் கத்தாது, ஆள் கத்துவான் என்று யோசித்து எந்தப் புண்ணியவானோ வைத்தது. உட்கார்ந்தவன் 'விடு' என்றால் ஓட்டுகிறவன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். மூக்கு இறங்கியதும் மறுபடி இழுத்துக்கொள்ளலாம்.

திருமூர்த்திக்கு இஞ்சின் வேலை கற்றுக்கொடுத்தவர் தாராபுரம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் தேவசகாயம். குரு சீடரைவிட வயதில் இளையவர். சீடர் குருவை 'வாத்தியாரே' என்பார், குரு சீடரை 'அண்ணா' என்பார். ஊருக்கு இது நல்ல வேடிக்கை.

போட்டிக்கு முந்தின வாரம் திருமூர்த்தி வண்டியோடு பட்டறைக்கு வந்தார்.

"பம்பைத் திருகி டீசல் கூட்டிட்டனுங், வாத்தியாரே. நாசில் மாத்திட்டேன். பின் டயர்ல தண்ணி ரொப்பிட்டேன். அப்படியும் போன வருசம் தோத்துட்டனுங்."

"போன வருசம் மூக்குல யாருங்கண்ணா உட்கார்ந்தது?"

"யாரும் வரலீங். பெத்த பையனே மாட்டேன்னுட்டான். மூக்கு எழும்புச்சு, நானே பயந்து நிறுத்திட்டனுங்."

"இந்த வருசம்?"

"கூலிக்கு நாலு பேரைச் சொல்லி வெச்சிருக்கனுங். அது கிடக்குதுங். இன்னும் வலு கூட்ட வழி சொல்லுங்க."

தேவசகாயம் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டார். சங்கிலியை எடுத்து வண்டியின் பின்புறத்தைப் பட்டறைக்குப் பின்னால் நின்ற வாகை மரத்தில் கட்டினார். பிறகு முன்னால் போய், தாமே மூக்கில் ஏறி, சீடரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"இழுங்க. நான் விடுன்னா விட்டுருங்க."

திருமூர்த்தி மிதித்தார். கரும்புகை கிளம்பியது. சங்கிலி விறைத்தது. மூக்கு ஒரு சாண் எழும்பியது.

"விடுங்க."

காதில் நன்றாக விழுந்தது. ஆனால் இஞ்சின் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது இந்த வலு என்று திருமூர்த்திக்கு ஒரே பூரிப்பு. இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்றிருந்தது.

"விடுங்கண்ணா!"

காலை எடுத்தார். முன் சக்கரங்கள் தொப்பென்று தரையில் விழுந்தன.

தேவசகாயம் இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சங்கிலியை அவிழ்த்துச் சுருட்டி வைத்தார்.

"வலு எப்படீங், வாத்தியாரே?"

"வலு வேணுங்கிற அளவு இருக்குதுங்கண்ணா. இனி இந்த வண்டியில நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல."

மனுசன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சந்தோசமாக வீட்டுக்குப் போனார்.

போட்டியன்று அவரோடு கட்டப்பட்டது பக்கத்து ஊர்ச் செம்மலையின் வண்டி. நின்ற இடத்திலேயே இருமுகிற வண்டி அது. அதன் மூக்கில் செம்மலையின் மனைவி, இரண்டு மகள்கள், புது மருமகன் என்று ஒரு குடும்பமே ஏறி உட்கார்ந்திருந்தது. மூக்கு இரண்டு விரல்கடை எழும்பினால் போதும், பெண்கள் "அப்பா, விடு!" என்று அலறுவார்கள். செம்மலை உடனே விட்டுவிடுவார். கூட்டம் சிரிக்கும். அவர் அடுத்த நொடியே மறுபடி இழுப்பார்.

திருமூர்த்தி முதலிலேயே முழு மூச்சாக மிதித்தார். வண்டி நன்றாகத்தான் போனது. கோடு கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது மூக்கு எழும்பியது. கூலிக்கு மாரடிக்க வந்தவர்கள் உயிரையா கொடுப்பார்கள்? நான்கு பேரும் 'விடு' என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று அந்தப் பொட்டலில் எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு பக்கமாகக் குதித்து ஓடினார்கள். பாரம் போன மூக்கு விருட்டென்று மேலே போயிற்று. எதிரே வானம் மட்டும்தான் தெரிந்தது. திருமூர்த்தி அலறியடித்துக் கிளட்ச்சை மிதித்தார். செம்மலையின் இருமல் வண்டி அவரைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு தன் கோட்டைத் தாண்டியது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மறுநாள் காலையிலேயே திருமூர்த்தி வண்டியோடு பட்டறையில் நின்றார்.

"வலு பத்தலீங், வாத்தியாரே."

தேவசகாயம் ஒரு பழைய டயரைக் காட்டினார். திருமூர்த்தி அதன்மேல் உட்கார்ந்தார்.

"செம்மலை வண்டியும் மூக்கைத் தூக்குச்சுங்களே. அந்தப் புள்ளைங்க குதிச்சாங்களா?"

"இல்லீங்."

"நீங்க கோப்பை வாங்குன வருசம் உங்க மூக்குல யாருங்க?"

ஊருக்கே தெரிந்ததை அவர் கேட்டார். திருமூர்த்தி தரையைப் பார்த்தார்.

"தங்கராசுங்."

தங்கராசு உடன்பிறந்த தம்பி. அந்த வருசம் எழும்பிய மூக்கிலிருந்து சறுக்கி விழுந்தான். முன் சக்கரம் இறங்கியபோது அவன் இடுப்பு அதற்கு அடியில் இருந்தது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறான். அண்ணன் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. கோப்பை திருமூர்த்தியின் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. எல்லாச் சாமான்களையும் துடைக்கிற அவர் மனைவி அதை மட்டும் துடைப்பதில்லை.

"தங்கராசு விடுன்னு சொன்னாருங்களா?"

"சொன்னான்."

"இஞ்சின் சத்தத்துல உங்க காதுல விழுந்திருக்காது."

ஆஸ்பத்திரியிலும், பஞ்சாயத்திலும், பெற்ற தாயிடமும் திருமூர்த்தி சொன்னது இதே சொல்தான். சொல்லிச் சொல்லி அவருக்கே பாதி உண்மையாகியிருந்தது. இப்போது குருவே அதை எடுத்து நீட்டுகிறார். வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். ஏனோ அன்றைக்கு அவரால் முடியவில்லை.

"விழுந்துச்சுங்."

தேவசகாயம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"திரும்பத் திரும்பக் கத்துனானுங். அண்ணா விடு, அண்ணா விடுன்னு. கோட்டுக்கு ஒரு முழந்தானுங் இருந்துச்சு, வாத்தியாரே. ஒரே முழம். அது மட்டும் போயிரட்டும்னு..."

ஐம்பது வயது மனுசன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். வெட்கமும் துக்கமும் உண்மையானவைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேவசகாயம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்துவிட்டுத் திருமூர்த்தி கேட்டார்.

"தங்கராசுகிட்டப் போய்க் காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா. இன்னைக்கே போங்க."

திருமூர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பாரம் இறங்கியவர்போல வாசல்வரை போனார். வெளியே நின்ற வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"கேட்டா, அடுத்த பொங்கலுக்கு மூக்குல வந்து உட்காருவானுங்களா?"

தேவசகாயம் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினார்.

"கோட்டுக்கு இன்னும் ஒரு முழம்னே நிக்கறீங்களே, அண்ணா."