அளவு பிளவுஸும் ஒரு பேட்சும்

"நான் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை, குருவே. ஆனாலும் பேக்கேஜ் கட்ட மாட்டேன் என்கிறது," என்றாள் பிலோமினா.

குரு சௌந்தரவல்லி மடத்துக் கூடத்தில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

குரு, மடம் என்றதும் காவியும் கமண்டலமுமாகக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். நாலு கம்ப்யூட்டர், ஒரு காபி ஃபில்டர், அவ்வளவுதான். யாரோ எழுதிய மென்பொருளை வாங்கி, எந்த ஊரில் யார் தன் கம்ப்யூட்டரில் கட்டி ஓட்டினாலும் ஒரே மாதிரி வரும்படி பேக்கேஜாக்கித் தருவது அந்த மடத்தின் வேலை. குருவுக்கும் சிஷ்யைக்கும் ஒரே வயது. அதில் பிலோமினாவுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

அவள் பொறுப்பில் இருந்தது, கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள். தமிழ் வந்தால் மட்டும் ஊமையாகிவிடும். அதைப் பேச வைக்கும் திருத்தத்தை, அதாவது பேட்சை, யாரோ ஒரு புண்ணியவான் எழுதித் தன் தளத்தில் வைத்திருந்தான். கட்டும்போதெல்லாம் பேட்ச் அங்கிருந்து இறங்கும். இறங்கியது அதே கோப்புதானா என்று, கோப்பை அளந்து முன்பே குறித்துவைத்த ஓர் எண் காவல் காக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் ஒத்துப்போகாது.

இன்று ஒத்துப்போகவில்லை.

"நாளைக்குப் புதுத் தொகுப்பு வெளியீடு. கட்டாத பேக்கேஜைச் சேர்க்க மாட்டார்கள். பாட்டு வாத்தியார் வேதநாயகம் சார் காலையிலிருந்து போன்மேல் போன். தன் கம்ப்யூட்டர் தமிழ் பேசுமா, பேசாதா என்கிறார்."

"இதற்கு முன்னால் இப்படி ஆனதில்லையா?"

"ஆனதே. வந்த கோப்பை அளந்து புது எண்ணைப் போட்டேன். முரண்டு பிடிக்காமல் கட்டியது."

"கோப்பைத் திறந்து பார்த்தாயா?"

"அதுதான் கட்டிவிட்டதே. பிறகென்ன பார்ப்பது?"

குரு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"டெய்லர் உன் பிளவுஸைக் கொடுத்தனுப்பியிருக்கிறான். போட்டுப் பார்."

இந்த நேரத்தில் பிளவுஸா என்று முணுமுணுத்துக்கொண்டே பிலோமினா உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஒரு கையில் புது பிளவுஸ், அதில் டெய்லர் குண்டூசியால் குத்திய நம்பர் துண்டு. இன்னொரு கையில் அளவுக்குக் கொடுத்த பழைய பிளவுஸ்.

"பாதிக் கைகூட ஏறவில்லை. அளவு பிளவுஸைக் கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டிவிட்டு வருகிறேன்."

"கொடு."

குரு அளவு பிளவுஸை வாங்கினாள். அடுப்படிக் கரித்துணிக் கூடையில் போட்டாள். புது பிளவுஸைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இனிமேல் இதுதான் உன் அளவு பிளவுஸ்."

"இது எனக்குப் பத்தவே பத்தாது."

"அளவுக்குச் சரியாக இருக்கிறதே."



பிலோமினா விடுவிடுவென்று போய், கூடையிலிருந்து பழையதை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

முதன்முதலில் இறக்கி, வரி வரியாகப் படித்துத் திருப்திப்பட்ட கோப்பு ஒரு மூலையில் இன்னும் கிடந்தது. அதையும் இன்று வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். திருத்தம் அச்சு அசல் அதேதான். கடைசி வரி மட்டும் வேறு. கேட்கும்போதெல்லாம் அந்தத் தளம் பேட்சைப் புதிதாகத் தயாரித்து, அடியில் தன் கருவியின் பதிப்பு எண்ணை எழுதி அனுப்புகிறது. அவர்கள் கருவியைப் புதுப்பித்தால் அந்த வரியும் மாறிவிடும்.

புது பிளவுஸிலிருந்த குண்டூசி அவள் கையில் சுருக்கென்று குத்தியது. நம்பர் துண்டைப் பார்த்தாள்.

"இத்தனை நாளும் இதையும் சேர்த்தல்லவா அளந்திருக்கிறேன்," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

இறங்கியதும் கடைசி வரியை வெட்டிவிட்டு அப்புறம் அளக்கும்படி எழுதினாள். கட்டினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி கட்டினாள். குருவின் கம்ப்யூட்டரைக் கேட்காமலே இழுத்து அதிலும் கட்டினாள்.

"புது எண் போட்டாயா?" என்றாள் குரு.

"போட்டேன்."

குருவின் கை அவள் தோளில் கிடந்த பிளவுஸை நோக்கி நீண்டது.

பிலோமினா நகர்ந்துகொண்டாள். "பழைய கோப்பின் கடைசி வரியை வெட்டி, அதை அளந்து போட்டேன். புதியது தானாக வந்து அதில் பொருந்தியது."

கை திரும்பிப் போயிற்று.

"நாளைக்கு அந்தப் புண்ணியவான் தளத்தையே மூடிவிட்டால்?"

 பிலோமினா பழைய கோப்பை மடத்தின் சேமிப்பில் நகலெடுத்து வைத்து, தளம் இல்லாவிட்டால் பேட்ச் அங்கிருந்து இறங்கும்படி எழுதினாள். அளவு பிளவுஸை நான்காக மடித்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

போன் அடித்தது.

"பேசும், வேதநாயகம் சார்," என்றாள். "நான் செத்த பிறகு யார் கட்டினாலும் பேசும்."